கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்து மாளாவில் யூதர்கள் ஒருவரும் இல்லாதபோது, அவர்களுடைய நான்கு ஏக்கர் கல்லறை நிலத்தைச் சும்மா போட்டு வைப்பது வீண் அல்லவா?

நீங்கள் சாலக்குடியிலோ இரிஞ்ஞாலக்குடாவிலோ வேலை நிமித்தம் குடியிருக்கும் தமிழர் என்று ஊகிக்கிறேன். பேருந்திலிருந்து அந்தச் சுற்றுச்சுவரையும் உள்ளே மண்டிய புதரையும் பார்த்துவிட்டு, இங்கே சென்ட் என்ன விலை போகும் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. என் மகளை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதால் நானும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்திரம் எழுதியே பிழைத்தவன் என்பதால், ஒரு நிலத்தைச் சும்மா கிடக்கிறது என்று யாராவது சொன்னால் அதன் முன் ஆதாரத்தைக் கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

முதலில் நேரடியான பதில். அந்த நிலம் வீணாகக் கிடக்கவில்லை; எந்தக் காரியத்துக்காக ஒதுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு இன்றும் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உரியவர்கள் விட்டுவிட்டு ஓடியதாகவும் யாரும் எண்ண வேண்டாம். மாளா யூதர்கள் இஸ்ரேலுக்குப் புறப்படும் முன்பு, 1955 ஜனவரி 4 அன்று, தங்கள் தொழுகைக்கூடத்தையும் கல்லறை நிலத்தையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் ஒப்படைத்தார்கள். தொழுகைக்கூடத்தை வேறு எந்த மதத்தின் வழிபாட்டிடமாகவும் மாற்றக் கூடாது, இறைச்சிக்கூடமாக்கக் கூடாது, கல்லறை நிலத்தைத் தோண்டாமல் பாதுகாக்க வேண்டும் என்பவை அதன் சாரமான நிபந்தனைகள். ஒப்பந்தம் எழுதப்பட்டபோது கேரளம் என்ற மாநிலமே பிறக்கவில்லை. மாளாவும் எங்கள் நாகர்கோவிலும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அந்தக் காலத்துப் பத்திரங்கள் பல எங்கள் பகுதியிலும் மலையாளத்திலேயே எழுதப்பட்டன என்பதால், அந்த மொழி நடையும் நிபந்தனைகளைக் கோக்கும் முறையும் எனக்குப் பழக்கமானவை. விற்கிறவன் காசைப் பெற்றுக்கொண்டு விலகிவிடுகிறான். நிபந்தனையோடு ஒப்படைக்கிறவனோ, தான் இல்லாத காலத்திலும் தன் சொல் நிற்கும் என்று எதிரில் இருப்பவரை நம்பிக் கையெழுத்துப் போடுகிறான். மாளாவில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

அவர்கள் யார், ஏன் அந்தச் சிற்றூரில் இருந்தார்கள் என்பது தெரியாமல் கல்லறையை மட்டும் பார்த்தால் விஷயம் விளங்காது. மாளாவுக்கு மேற்கே சிறு தொலைவில் இருக்கும் கொடுங்கல்லூர்தான் பழைய முசிறிப் பட்டினத்தின் வட்டாரம். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர இரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் 72 உரிமைகளும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கொச்சி யூதர்கள் அதைத் தங்கள் உயிராகக் காத்து வந்தார்கள். உலகமும் சந்திரனும் உள்ளளவும் அந்த உரிமை வழிவழியாகச் செல்லும் என்ற கருத்து அதில் வருவதைப் படித்தபோது, நான் எழுதிய சாதாரணப் பத்திரங்களின் வாசகமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதானே என்று தோன்றியது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். பிறகு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தொல்லையும் சேர்ந்துகொள்ள, யூதர்களில் பலர் கொச்சி அரசரின் நிழலுக்குப் போனார்கள். ஆனால் எல்லோரும் நகரவாசிகள் ஆகிவிடவில்லை. கழிமுகத்தைச் சுற்றிய மாளா, பரவூர், சேந்தமங்கலம் போன்ற ஊர்களிலும் யூதத் தெருக்கள் இருந்தன. நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; இது கொச்சி அரசருக்குப் பரம்பரை அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்மாரின் ஊர்.

இந்தக் கிராமத்து யூதர்கள் மலபார் யூதர் எனப்பட்ட பிரிவினர்; வீட்டில் மலையாளம் பேசினார்கள், அவர்களுடைய பெண்கள் கல்யாணப் பாட்டையும் வேதக் கதைப் பாட்டையும் மலையாளத்திலேயே பாடினார்கள், சமூகத் தலைவருக்கு முதலியார் என்றுகூடப் பட்டம் இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பின்னாளில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடத்து நீலப் பூ ஓடுகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, கேரள யூதர்கள் என்றால் அவ்வளவுதான் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் எண்ணிக்கையிலும் பழமையிலும் மலபார் யூதர்களே பெரியவர்கள். 1948 வாக்கில் எல்லாப் பிரிவும் சேர்ந்து ஏறத்தாழ 2,400 பேர் இருந்தார்கள். இஸ்ரேல் உருவானதும் போக விரும்பியவர்களை, யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் அந்நாட்டு மருத்துவ அதிகாரிகள் சில ஆண்டுகள் தடுத்து வைத்தார்கள். தடை நீங்கியபின் 1953 முதல் 1955 வரையில் பெரும்பாலோர் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை என்பதைக் கேரளத்தார் பெருமையாகச் சொல்வார்கள்; அது நியாயமான பெருமைதான். அந்தப் பெருமையின் இன்னொரு பாதியாக, போனவர்கள் கொடுத்துவிட்டுப் போன பொறுப்பும் இருக்கிறது என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

இனிக் கல்லறைக்கு வருகிறேன். யூதச் சமயத்தில் ஒருவரைப் புதைத்த குழி நிரந்தரமாக அவருடையது. இறந்தவரை இஸ்ரேல் மண்ணில் மீண்டும் அடக்கம் செய்வது போன்ற வெகு சில காரணங்களுக்காக அன்றி அதைத் திறக்கக் கூடாது; அதன்மேல் வேறொன்றை எழுப்பக் கூடாது. இந்த விதி யூதச் சட்ட நூலான தல்மூதில் எவ்வளவு நுணுக்கமாகப் போகிறது என்றால், கல்லறை நிலத்தில் மாடு மேய்க்கக் கூடாது, அதன் வழியாக வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது, அங்கே முளைத்த புல்லை அறுத்துக்கொண்டு போகவும் கூடாது, அறுத்துவிட்டால் இறந்தவர்களின் மரியாதைக்காக அதை அங்கேயே எரித்துவிட வேண்டும் என்று சொல்லுகிறது. அதாவது, உயிரோடிருப்பவர்கள் அந்த நிலத்திலிருந்து ஒரு கைப்பிடிப் புல்லின் ஆதாயம்கூட எடுக்கக் கூடாது. உங்கள் கேள்வியில் இருக்கும் 'பயன்படுத்தினால் என்ன' என்ற எண்ணத்துக்கு அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்.

என் தொழில் காரணமாக எனக்கு மிகவும் பிடித்த இடம் விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 23ஆம் அதிகாரம். மனைவி சாராள் இறந்தபோது ஆபிரகாமுக்கு அந்நாட்டில் சொந்தமாக ஓரடி மண் கிடையாது. நிலத்துக்காரன் சும்மாவே எடுத்துக்கொள் என்கிறான். ஆபிரகாம் மறுத்து, நானூறு சேக்கல் வெள்ளியை ஊரார் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்து, மக்பேலா நிலத்தையும் அதிலுள்ள குகையையும் எல்லைக்குள் நிற்கும் மரங்களையும் கல்லறைப் பூமியாக உறுதிப்படுத்திக்கொள்கிறார். விலை, சாட்சி, எல்லை, மரவகை, நோக்கம் என்று ஒரு கிரயப் பத்திரத்துக்கு வேண்டியது அத்தனையும் அங்கே இருக்கிறது. இனாமாக வாங்கினால் நாளை யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிணம் புதைக்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு முன்ஜாக்கிரதை உள்ள மரபில் வந்தவர்கள், 1955இல் ஊரைவிட்டுப் போகும்போது ஒப்பந்தம் எழுதாமல் போவார்களா?

சாராள் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சேந்தமங்கலத்துத் தொழுகைக்கூடத்தின் முன்னால் ஒரு கல் நிற்கிறது: இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இதுவே என்கிறார்கள். அவள் என்ன செய்தாள், எத்தனை பிள்ளைகள், எந்த நோயில் போனாள் என்று எதுவும் நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரும் தந்தையின் பெயரும் ஏழரை நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கக் காரணம், கல்லறைக் கல்லை யாரும் படிக்கட்டாகவோ துவைக்கும் கல்லாகவோ ஆக்காமல் விட்டதுதான். கேரளத்து மழையையும் செம்பாறாங்கல்லையும் நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு நான்கு பருவமழையில் உதிர்ந்து, வெட்டுக்கல் கரைந்து, வேர் புகுந்து பிளந்துவிடும். எழுத்துக் கல் வைக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு மண்மேடு மட்டுமே இருந்திருக்கும். எனவே மாளாவில் இப்போது கல்லறை என்று கண்ணுக்குத் தெரிபவை விரல்விட்டு எண்ணும் அளவே என்பதை வைத்து, மற்ற இடமெல்லாம் வெற்று நிலம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. மேலே கல் இல்லாவிட்டாலும் கீழே ஆள் இருக்கிறார்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது ஏன் புரிவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அங்குள்ள பல கிறிஸ்தவத் தேவாலயங்களில் இடம் போதாமையால் சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் திறந்து, எலும்புகளை அதற்கென்று உள்ள அஸ்திக் கிணற்றில் சேர்த்துவிட்டு, அடுத்தவரை அதே குழியில் வைக்கிறார்கள். இந்துக்களில் பலர் வீட்டுத் தெற்குப் புறத்தில் சிதை அடுக்குகிறார்கள்; அந்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நட்டால் முடிந்தது. குழி என்பது தற்காலிகம் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, நான்கு ஏக்கரில் யாரையும் எழுப்பாமல் விட்டுவைப்பது விசித்திரமாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த வீட்டாரின் வழக்கத்தை வைத்து இந்த வீட்டு ஆவணத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் சொந்தப் புரையிடத்திலேயே, அதாவது வீட்டு வளாகத்திலேயே, அடக்கம் செய்து கல்லறை கட்டும் வழக்கம் இந்துக்களிடமும் உண்டு, கிறிஸ்தவர்களிடமும் உண்டு. அப்படி ஒரு பாட்டி, மகளின் கடனுக்காகத் தென்னந்தோப்பை விற்க என்னிடம் வந்தார். தோப்பின் கன்னி மூலையில் அவருடைய கணவரின் கல்லறை இருந்தது. அந்த ஒரு சென்ட்டை விற்பனையிலிருந்து ஒதுக்கி, அதற்கு நான்கெல்லை தனியாகச் சொல்லி, ஆண்டு நினைவுநாளில் போய் விளக்கு வைக்க நடைபாதை உரிமையும் எழுதினேன். வாங்கியவர் நல்ல மனிதர். தன் காலம் வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை. அவர் மறைந்தபின் பிள்ளைகள் விற்றார்கள், வாங்கியவர் மறுபடியும் விற்றார். மூன்றாவது பத்திரத்தை எழுதியவர் சொத்து விவரத்தில் பரப்பையும் சர்வே எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒதுக்கீட்டை விட்டுவிட்டார். அதன்பிறகு ஒரு நாள் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. வளைகுடாவிலிருந்து ஓடிவந்த பேரன் ஓர் அலுவலகத்தில் போய் முறையிட்டபோது, அங்கிருந்தவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த ஒரு சென்ட்டுக்குக் கரம் கட்டின ரசீது யார் பேரில் இருக்கிறது?" இறந்தவர் கரம், அதாவது நிலவரி, கட்டுவதில்லை. நான் எழுதிய பத்திரத்தின் நகலைக் காட்டியும் அவன் தாத்தாவின் எலும்பு எந்த லாரியில் போனது என்று கடைசிவரை தெரியவில்லை.

போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்; இதற்காக யாரும் என்னைப் பழைய காலத்து ஆள் என்று திட்ட வேண்டாம். எல்லாம் கணினியில் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம், வில்லங்கச் சான்று நொடியில் கைக்கு வருகிறது. ஆனால் அதில் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார், எவ்வளவு பரப்பு என்பது இருக்குமே தவிர, பத்திரத்தின் உடலில் எழுதிய நிபந்தனை இருக்காது. மூலப் பத்திரத்தை ஒருவன் உட்கார்ந்து வாசித்தால்தான் அது தெரியும். வாசிக்கிறவர்கள் குறைந்துபோனதால்தான் இத்தகைய நிலங்கள் எல்லாம் ஆளில்லா நிலம் என்று பெயர் வாங்குகின்றன.

மாளாவிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. யூதர்கள் போனபின் தொழுகைக்கூடம் ஊர் நிகழ்ச்சிகளுக்கான மண்டபமானது. சந்தையின் நடுவில் இருப்பதால் அதன் முன்புறத்தைக் கடைகள் அடைத்துக்கொண்டன. கல்லறை நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டுத் திடலும் பயிற்சிக் கட்டடமும் வந்தன. ஊரிலேயே சில பாரம்பரியப் பாதுகாப்பு ஆர்வலர்கள் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் யாரும் யூதர்கள் அல்லர், பக்கத்துத் தெருக்காரர்கள். அந்த ஊரின் மானத்தைக் காத்தவர்கள் அவர்களே என்பது என் எண்ணம்.

இப்போது பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டுக்கு எதிரி அல்லன். என் மகள் வயிற்றுப் பேரன் அந்தத் திடலில் பந்து விளையாடியவன்தான், அவனை நான் திட்டவும் இல்லை. பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியது பஞ்சாயத்தின் கடமை. அந்தக் கடமையைப் பணம் போட்டுச் செய்ய வேண்டுமே தவிர, பேச நாதியில்லாதவர்களின் நிலத்தில் செய்யக் கூடாது. இன்னொரு சாரார் இஸ்ரேல் இன்று செய்வதையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த அரசியலில் அவரவர் கருத்து அவரவருக்கு; எனக்கும் கடுமையான கருத்துகள் உண்டு, அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. 1955க்கு முன்பு மாளாவில் மூச்சடங்கியவர்கள் அந்த நாட்டின் எந்த முடிவுக்கும் பொறுப்பாளிகள் அல்லர். அவர்கள் மாளாச் சந்தையில் வியாபாரம் செய்து, அந்த மண்ணின் மொழியில் பாடி, அந்த ஊரிலேயே முடிந்துபோனவர்கள். சவப்பெட்டியில் எருசலேம் மண்ணோடு கொடுங்கல்லூர் மண்ணையும் ஒரு பிடி வைப்பது கொச்சி யூதர்களின் வழக்கம் என்று அவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். இதைவிட ஒருவன் உள்ளூர்க்காரனாவது எப்படி?

'நான்கு ஏக்கரையும் காக்க முடியாது, ஒரு நினைவுத் தூணை வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாமே' என்று சமாதானம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டாஞ்சேரியைப் பார்க்கலாம். அங்கே நெகேமியா மோட்டா என்ற யூத ஞானியின் சமாதி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். யூதர், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடில்லாமல் நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்தச் சமாதியைச் சுற்றி ஒரு காலத்தில் மலபார் யூதர்களின் கல்லறை நிலமே இருந்தது. இன்று சுற்றிலும் வீடுகள். வரம் கொடுப்பார் என்ற நம்பிக்கை இருந்ததால் ஒருவர் தப்பினார். வரம் கொடுக்கத் தெரியாத சாதாரண வியாபாரியும் அவர் மனைவியும் வீட்டு அடித்தளங்களுக்குக் கீழே போய்விட்டார்கள். சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் கீழ்த் தொழுகைக்கூடங்களை அழகாகப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. நுழைவுச் சீட்டு விற்கக்கூடிய கட்டடத்துக்குக் கிடைக்கிற கவனம், பார்க்க ஒன்றுமில்லாத புதர்நிலத்துக்கும் கிடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. 1955 ஒப்பந்தத்தையும் அதற்கு முந்திய நிலப் பதிவேட்டையும் வைத்து எல்லையை அளந்து கல் நட வேண்டும். சுவர் இடிந்த இடத்தில் சுவர் எழுப்ப வேண்டும். மண்ணைக் கிளறாமல் புதரை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். அதைச் செய்கிறவர்களுக்கு எங்கே மண்வெட்டி படக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வாயிலில் மலையாளத்திலும் எபிரேயத்திலும் ஒரு பலகை, அதில் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் வரிக்கு வரி. இஸ்ரேலிலிருந்து பாட்டனின் ஊரைப் பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாமல் போயிருக்கலாம். மைதானம் வேண்டுமென்றால் பஞ்சாயத்து தீர்மானம் போட்டு வேறு நிலம் வாங்கட்டும். அதற்கான கிரயப் பத்திரத்தை இந்த வயதிலும் கூலி வாங்காமல் எழுதித்தர நான் தயார்.